ஒரு நாள் மாடு

அத்தியாயம் 11

வாசலில் மாடு நின்றது.

பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த மணியம்மை, வாயில் இருந்ததைத் துப்ப மறந்து அப்படியே நின்றுவிட்டாள். கறுப்பும் வெள்ளையுமாக நல்ல வளர்த்தியான கலப்பினப் பசு. இடது கொம்பு பாதியில் முறிந்திருந்தது. கயிற்றை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான் அவள் புருஷன் கங்காதரன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தான். மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மணிமாலையுமாக, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை போல முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடி கீது?" என்றான்.

"யார் ஊட்டு மாடுயா இது?"

"இன்னிக்கி நம்ப ஊட்டு மாடு."

இந்த ஒரு நாள் மாட்டின் கதை விளங்க வேண்டுமென்றால், சில வாரங்களுக்கு முன் மேட்டுத் தெரு முழுவதும் ஒன்றுகூடிச் சொன்ன பொய்யைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் மேட்டுத் தெரு. கூலி வேலைக்காரக் குடும்பங்கள். அங்கே சுசித்ரா என்ற அறக்கட்டளைப் பெண் டேப்லெட்டும் கையுமாக வந்து வீடு வீடாகக் கேட்டாள். "உங்க வீட்டுப் பொம்பளைங்க பேர்ல பேங்க்ல பணம் போடப்போறோம். ரெண்டு தவணையா வரும். திருப்பித் தர வேண்டாம். அதை வெச்சு என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

கேள்வி அவ்வளவுதான். ஆனால் மேட்டுத் தெருக்காரர்கள் இலவசங்களிலும் கடன்களிலும் அடிபட்டு நிமிர்ந்தவர்கள். பணம் கொடுக்கிறவன் ஒரு கேள்வி கேட்டால் அதற்குச் சரியான விடை ஒன்று அவன் மனசுக்குள் இருக்கும், தப்பாகச் சொன்னால் பணம் வராது என்பது அவர்கள் கண்ட அனுபவம். முதல் வீட்டு தேவகி, "கறவ மாடு வாங்குவேன்" என்றாள். சுசித்ரா சிரித்தாள். சிரித்துவிட்டாளா, அப்படியானால் அதுதான் விடை. அந்தப் பெண் நடக்கிற வேகத்தைவிடச் சேதி வேகமாக ஓடியது. கடைசி வீடு வரைக்கும் கறவை மாடு, கறவை மாடு, கறவை மாடு. கோழி கட்டக்கூட இடமில்லாதவர்களும் மாடு என்றார்கள்.

மணியம்மையும் அதையேதான் சொன்னாள். மனசில் இருந்தது வேறு.

மனசில் இருந்தது, கிணற்றோரம் இருக்கிற மல்லித் தோட்டம். சுந்தரமூர்த்தியின் நிலம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதில் அவள் கூலிக்குப் பூப்பறிக்கிறாள். முதல் தவணை வந்ததும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சுந்தரமூர்த்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தோட்டத்தைப் போக்கியத்துக்குக் கேட்டாள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், அந்தத் தொகை திரும்பி வருகிற வரை நிலம் நம் கையில். குத்தகை கிடையாது, வட்டி கிடையாது. விளைவது நமக்கு. பாதித் தொகை போய்விட்டது. மீதிப் பாதி, ரெண்டாவது தவணை வந்ததும்.

"பத்திரம் எழுதற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம், மணி. எங்க ஊட்ல கூட" என்று சுந்தரமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார். பூப்பறிக்கிறவளிடமே நிலத்தைக் கொடுக்கிறோமே என்கிற கௌரவப் பிரச்சினை என்று மணியம்மை தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். கங்காதரனுக்கும் மகள் துர்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நேற்றுச் சாயங்காலம் தேவகி வந்து வாசலில் உட்காருகிற வரைக்கும்.

"நாளைக்கி அந்தப் பொண்ணு வருதாம். மாடு பாக்க. மாடு இல்லாத ஊட்டுக்கு ரெண்டாவது துட்டு வராதாம்."

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. முன்னே ஒரு மாட்டுக் கடன் வந்தபோது படம் பிடிக்க ஆள் வந்ததும், ஒரே மாட்டைத் தெரு முழுக்கச் சுற்றிக் காட்டி எல்லாரும் தப்பித்ததும் தெருவுக்கே ஞாபகம் இருந்தது. ஆளாளுக்கு மாடு தேடக் கிளம்பினார்கள். அப்படித்தான் கங்காதரன் விடியும் முன்னே எழுந்து போய் இந்த ஒற்றைக் கொம்பை ஓட்டி வந்திருக்கிறான்.

"கேக்கறேன் இல்ல? யார் ஊட்டு மாடு?"

கங்காதரன் மாட்டின் முதுகில் இருந்த ஈயை விரட்டினான். "பெரிய ஊட்டு மாடு. சின்னம்மாளம்மாவ கேட்டேன். ஒரு போட்டோ எடுக்கணும், மத்தியானம் பால் கறக்கற நேரத்துக்கு உட்டுடறேன்னேன். ஓட்டிகினு போடான்னுது."

சின்னம்மாள் வேறு யாருமில்லை, சுந்தரமூர்த்தியின் மனைவி.

"ஊர்ல வேற மாடே இல்லியா உனுக்கு? அந்த ஊட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு தானய்யா அவரு தலபாடா அடிச்சிகினாரு. அந்த ஊட்லயே போயி நின்னுகினியா?"

"மாட்டப் பத்தித்தான் கேட்டேன். நெலத்தப் பத்தியா கேட்டேன்? இன்னா நீ."

"எதுக்குப் போட்டோன்னு கேட்டா இன்னா சொன்ன?"

"கேக்கல."

"கேக்காம உட்டுச்சா?"

"ஆங். கேக்கல. தீவனத்துக்குத் தவுடு வெச்சுடு, நல்லாத் தின்னும்னு மட்டும் சொல்லிச்சு."

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டியிருந்த பழைய புடவைத் தடுப்பு விலகியது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு துர்கா வெளியே வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் இருட்டிலேயே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும் என்பதால் தினமும் இருட்டிலேயே அந்தப் புடவைக்குள் குளித்துவிட்டு ஓடுகிறவள். இன்றைக்கு வார லீவு. லீவு நாளிலும் தெரு விழித்த பிறகு குளிக்க முடியாமல் அவசர அவசரமாகக் குளித்திருக்கிறாள்.

"மாடு வந்துடுச்சா?" என்றாள். "கதவு மட்டும் வராது."

பணம் வருகிறது என்று தெரிந்த நாளிலேயே துர்கா கேட்டது ஒரு குளியலறை. நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். "அடுத்த வருஷம், மொத பூ வித்த துட்டுல" என்று மணியம்மை சொல்லிவிட்டாள். துர்கா சண்டை ஒன்றும் போடவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான், போகிற போக்கில் ஒரு வார்த்தை.

"நெலம் வந்துட்டா எல்லாம் வரும் துர்கா."

"நெலத்துல போயி குளிச்சிக்கறேன்."

மகள் கேட்டது நியாயம் என்று மணியம்மைக்கே தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

"ம்மா, ஒண்ணு சொல்லட்டா?" துர்கா துண்டை அவிழ்த்து உதறினாள். "இந்த மாடு கீடெல்லாம் வேணாம். அந்த அக்கா வந்தா உண்மைய சொல்லிடு. நெலத்துக்குக் குடுத்துட்டேன்னு சொல்லு. அவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க?"

"ஐயாவுக்கு வாக்கு குடுத்துகீறேன்."

"அவரு உனக்கு இன்னா குடுத்தாரு?"

இந்தப் பெண்ணிடம் இதுதான். எதைக் கேட்கக் கூடாதோ அதை நேராகக் கேட்டுவிடும். மணியம்மை கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை பூவுக்கு எப்போதும் கிராக்கி. மலைக்கோவில் கூட்டம், அதிலும் ஆடி நெருங்கினால் சொல்லவே வேண்டாம். மொட்டு விரிவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். மணியம்மை கால்வைக்கும்போது மற்ற பெண்கள் பாதி வரிசையைத் தாண்டியிருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வரிசையில் இறங்கினாள்.

விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாடு, சுசித்ரா, சின்னம்மாள், மறுபடி மாடு.

இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் பறித்திருக்கிறாள். மடியில் நிறைகிற பூவை எடை போட்டு, எடைக்குக் கூலி. அதற்கப்புறம் அந்தப் பூ பைக்கில் ஏறித் திருத்தணி மார்க்கெட்டுக்குப் போய்விடும். அங்கே அது என்ன விலைக்குப் போகிறது, யார் கத்துகிறார்கள், யார் குறைத்துக் கேட்கிறார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒரு நாளாவது தன் கூடையோடு அந்த மார்க்கெட்டில் நின்று, விலை கேட்கிற வியாபாரியைப் பார்த்து, "அந்த வெலைக்கு வராது, போ" என்று சொல்ல வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவள் ஆசை அதுதான். இத்தனை ஓட்டமும் அதற்காகத்தான்.

வரப்போரம் பைக் சத்தம் கேட்டது. சுந்தரமூர்த்தி. வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக இறங்கி, மற்றவர்கள் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு அவள் பக்கமாக வந்தார்.

"எப்ப வருது?" என்றார். குரல் தணிந்திருந்தது.

"இன்னிக்கி அந்தப் பொண்ணு வருதுங்க ஐயா. பாத்துட்டு போனா துட்டு போட்டுருவாங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரணும் மணி. ஆந்திரா பக்கம் நகரிக்காரர் ஒருத்தரு இந்தத் தோட்டத்த மொத்த பணத்தோட கேட்டுகினு கீறாரு. உனக்கு சொன்ன வாக்குக்காகத்தான் நான் தள்ளிகினே வர்றேன்."

"வந்துரும்ங்க. பத்திரம் மட்டும்..."

"துட்டு முழுசா வரட்டும். எழுதிக்கலாம்." அவர் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். "யார்கிட்டயும் வாய் உடல இல்ல?"

"இல்லீங்க ஐயா."

"ஆங். அப்பிடியே இரு."

மாட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். உங்கள் வீட்டு மாடு இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதற்குள் அவர் பைக்கை உதைத்துவிட்டார்.

பூவை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, கூலியைக்கூட வாங்காமல் மணியம்மை வீட்டுக்கு ஓடினாள்.

*

வேப்பமரத்தடியில் தவிட்டு வாளி இருந்தது. மாட்டைக் காணோம்.

"எங்கயா மாடு?"

கங்காதரன் தலையைச் சொறிந்தான். "தேவகிதான் கேட்டுச்சு. அதுக்கு மாடு கெடைக்கலியாம். அந்தப் பொண்ணு மொத ஊட்ல பாத்துட்டு இங்க வரதுக்குள்ள பின்பக்கமா ஓட்டிகினு வந்துரலாம்னுச்சு. பாவம், கண்ணுல தண்ணி உட்டுச்சு மணி."

"அது கண்ணுல தண்ணி உட்டா நீ மாட்ட உட்டுருவியா?"

"அந்தப் பொண்ணு வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து துர்கா கேட்டாள்.

"வந்து ஒக்காந்துகினு கீது. மோர் குடிக்குது."

தெருமுனையில் தேவகி வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. மணியம்மை கங்காதரனைப் பார்த்த பார்வையில் அவன் பதிலே பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுப் பின்னால் ஓடினான்.

அதற்கப்புறம் நடந்ததைத் தெரு ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சிரிக்கும். தேவகி ஆர்வக்கோளாறு. இரவல் மாட்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்திச் சரமும் கட்டியிருந்தாள். கங்காதரன் பின்சந்தில் மாட்டை இழுத்து வந்து, தோளில் இருந்த துண்டால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தான். மஞ்சள் போகவில்லை. சரத்தைப் பிடுங்கிக் கீழே போட்டான். மாடு குனிந்து அதைத் தின்னத் தொடங்கியது. சுசித்ரா நாலைந்து பெண்கள் புடைசூழ வந்து சேர்ந்தபோது ஒற்றைக் கொம்பின் வாயில் சாமந்திச் சரத்தின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது.

சுசித்ரா மாட்டைப் பார்த்தாள். மாடும் அவளைப் பார்த்தது.

"அண்ணா, மாட்டுக்கு பேர் என்ன வெச்சிருக்கீங்க?"

"வள்ளி" என்றான் கங்காதரன். மாலை போட்டவன் வாயில் வேறென்ன பேர் வரும்.

"தேவகி அக்கா வீட்ல காமாட்சின்னாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேவகி தன் வீட்டுப் பக்கம் ஏதோ வேலை இருப்பது மாதிரி திரும்பிக்கொண்டாள். கங்காதரனுக்கு முகம் செத்துவிட்டது.

சுசித்ராவுக்குக் கோபம் வரவில்லை. வேப்பமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து வேறு தெருக்களில் வெயிலில் நடந்த களைப்பு தெரிந்தது.

"அக்கா, மாடு வாங்கலன்னா பணத்த நிறுத்திடுவோம்னு யார் சொன்னது உங்களுக்கு? நான் சொன்னேனா? மாட்டக் காட்டச் சொல்லி நான் வரலக்கா. போன தவணைய என்ன செஞ்சீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். ஓடு மாத்தினேன்னா ஓடு. வைத்தியம் பாத்தேன்னா வைத்தியம். எதுவா இருந்தாலும் சரி. சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?"

மணியம்மை கங்காதரனைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். சுற்றிலும் தெரு நிற்கிறது. இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் பெரிய வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

கங்காதரன் அவள் கண்ணைப் படித்துவிட்டான். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததன் பலன். மனைவியைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டும். யாரும் மேற்கொண்டு கேட்காத பதிலாக இருக்க வேண்டும். ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் பணம் எங்கே போயிற்று என்றால் ஊர் சட்டென்று நம்புகிற பதில் ஒன்றுதானே இருக்கிறது.

"குடிச்சிட்டேன்" என்றான்.

சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

சோடா குடித்தாலே தலை சுற்றுகிறது என்கிற மனுஷன் அவன். அதுவும் கழுத்தில் முருகன் மாலையோடு. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. குனிந்து தன் மாலையைப் பார்த்துக்கொண்டான்.

சுசித்ராவின் முகம் மாறியது. அதுவரை இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்ணா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. அக்காகிட்ட நான் தனியா பேசணும்."

"எதுக்கு?" என்றாள் மணியம்மை.

"நாங்க ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணத்த நிறுத்தி வெப்போம்க்கா. பொம்பளைங்க பேர்ல போட்டத வேற யாராவது புடுங்கிக்கிட்டா. உங்க பக்கம் என்ன நடந்துதுன்னு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டாவது தவணை போகாது."

"எம்மாம் நாளு ஆவும்?"

"சொல்ல முடியாதுக்கா. ஒரு மாசம், ரெண்டு மாசம்."

வெள்ளிக்கிழமை, நகரிக்காரர், மொத்தப் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் மணியம்மையின் தலைக்குள் ஓடின. எதைச் சொன்னாலும் பணம் வருமாம். வராமல் தடுக்கிற பதில் உலகத்திலேயே ஒன்றுதானாம். அதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறான் அவள் புருஷன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஜெயப்பிரகாஷின் குரல் வந்தது. இவர்தான் தெருவுக்குக் காவடி குருசாமி. மாலை போட்டு விடுகிறவரும் அவர்தான்.

"கங்காதரா, மாலைய கழட்டு."

"இல்லீங்க சாமி, அது மால போடறதுக்கு முன்னாடி..."

"எப்ப குடிச்சியோ எனக்குத் தெரியாது. குடிச்சத வாயால சொல்லிட்டு முருகன் மாலையோட நிக்காத. கழட்டு."

கங்காதரனின் கை கழுத்துக்குப் போனது. அவன் மனைவியைப் பார்க்கவில்லை. கழற்றிவிடத் தயாராகிவிட்டான். அதுதான் மணியம்மையால் தாங்க முடியவில்லை. துர்கா காலை எடுத்து முன்னே வைத்தாள், அதற்குள் மணியம்மை பேசிவிட்டாள்.

"கழட்டாதயா. அவரு குடிக்கல, யாரும் எதையும் புடுங்கல. எந் துட்ட நான்தான் குடுத்தேன். நெலத்துக்குக் குடுத்தேன்."

"நெலமா?" என்றாள் தேவகி. அவள் எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியவில்லை.

"ஆமா, நெலந்தான். பூப்பறிச்சிகினே செத்துப்போணுமா நான்? சுந்தரமூர்த்தி ஐயாகிட்ட போக்கியத்துக்குக் கேட்டுகீறேன். பாதி குடுத்துட்டேன். மீதி குடுத்தா தோட்டம் எனக்கு."

சொல்லி முடித்தபோது மணியம்மைக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'எனக்கு' என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை. துர்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்தைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், இந்தக் குரலில் கேட்டதில்லை.

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமினார். "மால இருக்கட்டும்பா" என்றார் பொதுவாக.

சுசித்ரா டேப்லெட்டில் எதையோ தட்டினாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்த மாட்டுக்கு இவ்ளோ அலைச்சல் இல்லையே அக்கா" என்று எழுந்தாள். "நல்ல யோசனைதான். வெள்ளிக்கிழமை உங்க கணக்குல ஏறிடும். ஆனா ஒண்ணு, குடுக்கறப்ப எழுதி வாங்கிக்கோங்க." மாட்டின் வாயில் மிச்சமிருந்த சரத்தைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கன்றுக்குட்டியை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் அவள் பின்னால் நகர்ந்தது. கங்காதரன் மணியம்மையின் பக்கத்தில் வந்து நின்றான்.

"குடிச்சேன்னு சொன்னா உட்ருவாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ பேசாம இருந்திருந்தாலே போதும்." திட்டுகிற மாதிரி சொன்னாளே தவிர, அவன் மாலையை நேராக இழுத்துவிட்டாள்.

"ம்மா" என்றாள் துர்கா. குரல் சரியில்லை.

கூட்டம் விலகின இடத்தில், தெருவோரம், சின்னம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பால் குவளை. பால் கறக்கிற நேரமாகிவிட்டது, மாட்டைக் காணோம் என்று தானே தேடி வந்திருக்கிறாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று அவளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"எந்த நெலம்?" என்றாள்.

மணியம்மை கைகூப்பினாள். "அம்மா, ஐயாதான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. மன்னிச்சுக்கணும். உங்க ஊட்டு கௌரவம்..."

"எந்த நெலம்னு கேட்டேன்."

"கெணத்தோரம் மல்லித் தோட்டம்ங்க."

சின்னம்மாள் குவளையைக் கீழே வைத்தாள். மாட்டிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். மாட்டின் நெற்றியில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று மணியம்மை எதிர்பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

"பத்திரம் எழுதினாரா?"

"துட்டு முழுசா வந்தப்பறம்னாரு."

"எப்பிடி எழுதுவாரு?" சின்னம்மாள் திரும்பினாள். "அந்த நெலம் எங்க நைனா எனக்கு வாங்கிக் குடுத்தது. எம் பேர்ல கீது. ஊரெல்லாம் சுந்தரமூர்த்தி நெலம், சுந்தரமூர்த்தி நெலம்னுது. சொல்லிட்டுப் போவட்டும்னு நானும் இத்தினி வருசம் உட்டுட்டேன். கையெழுத்து நான்தான் போடணும். எங்கிட்ட யாரும் கேக்கல."

அத்தனை வருஷம் மணியம்மை அந்த மண்ணில் நின்றிருக்கிறாள். அது யாருடையது என்று ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றியதில்லை. ஆம்பிளை பேரைச் சொன்னார்கள், அவளும் அதையே சொன்னாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அம்மா, எனக்கு சத்தியமா தெரியாதுங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்." சின்னம்மாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். மாடு நகரவில்லை. தவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றது. கங்காதரன் பழக்கப்பட்டவன் மாதிரி அதன் முதுகில் தட்டிக்கொடுத்தான். அப்புறம்தான் அது நடக்கத் தொடங்கியது.

நாலடி போய் சின்னம்மாள் நின்றாள்.

"வெள்ளிக்கிழம துட்டு வந்தா அவருகிட்ட எடுத்துகினு போவாத. எங்கிட்ட வா."

துர்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். மணியம்மைக்கு அந்தக் குரலில் உதவி இருக்கிறதா, வேறேதாவது இருக்கிறதா என்று பிடிபடவில்லை. கேட்டுவிட வேண்டியதுதான். இனி கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"வந்தா தோட்டத்த எனக்கு எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

சின்னம்மாள் பெரிய வீடு இருக்கிற திசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து குவளையை எடுத்துக்கொண்டாள்.

"பாதி குடுத்துட்டேன்னியே மணி" என்றாள். "அது எங் கைக்கு வரலியே."